தண்ணி காட்டும் அக்கா

கிரிவலம் வருபவர்களுக்குத் தர்மமாகக் கொடுக்கும் ஜூஸில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கும்படி கன்னியம்மாளிடம் முதலில் சொன்னது அவள் மகள் தென்றல்தான். நர்ஸ் வேலையில் இருப்பவள். போன சித்ரா பௌர்ணமிக்கு வந்திருந்தபோது சொன்னாள்.

"வெயில்ல நடக்கறவங்களுக்குத் திக்கா குடுக்காதம்மா. தித்திப்பு ஜாஸ்தியானா இன்னும் தாகம்தான் எடுக்கும். தண்ணி ஊத்தி, ஒரு சிட்டிகை உப்பு போடு."

இந்த வருஷம் அப்படியே செய்தாள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பார்த்த வீடு. மத்தியானமே கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. சாத்துக்குடியைப் பிழிந்து எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, "அருணாசலா" என்று குடத்துத் தண்ணீரைச் சாய்த்தாள்.

எதிர்வீட்டுக் காசிக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னக்கா, அண்ணாமலையாருக்கே தண்ணி காட்றே!"

"போடா. குடிச்சுட்டுப் பேசு."

குடித்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் வாசலிலேயே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த சரசு மட்டும் தம்ளரை வாங்கவில்லை. உதடு வெடித்துக் கிடந்தது.

"வேணாங்க்கா."

"பாத்தியா? சரசுவே தொட மாட்டேன்றா" என்றான் காசி.

சுருக்கென்றது கன்னியம்மாளுக்கு. உள்ளே போய் ரெண்டு பழத்தைப் பிழிந்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா, இதாவது இறங்குமா மகாராணிக்கு?"

"இதுல தண்ணி இல்லல்ல? அப்ப ஒரு வாய் குடிக்கிறேன்."

"நீயுமாடி அவன்கூடச் சேர்ந்துக்கிட்டே!"

சரசு பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக் காதோரம் சொன்னாள். "ஐயோ, ருசிக்குச் சொல்லலக்கா. காலையில உக்காந்தா பொழுது சாஞ்சுதான் வீட்டுக்குப் போவேன். தண்ணி குடிச்சுட்டு, இந்த ஜனத்துக்கு நடுவுல எங்கக்கா போய் ஒதுங்கறது?"

கன்னியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பௌர்ணமி என்றால் வெளியாட்கள் நுழையக் கூடாதென்று அவளே பூட்டிவைக்கிற பக்கவாட்டு கேட். அதற்கு உள்ளே, கழுவித் துடைத்த பாத்ரூம்.

இடுப்புச் சாவியை உருவித் திறந்தாள்.

"முதல்ல போய்ட்டு வா. பூவை நான் பாத்துக்கறேன்."

திரும்பிவந்த சரசு, அண்டா ஜூஸையே மடமடவென்று ரெண்டு தம்ளர் குடித்தாள்.

"அட! சரசுவுக்கும் தண்ணி காட்டிட்டியாக்கா?" என்று சிரித்தான் காசி.

இந்தத் தடவை கன்னியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு தம்ளரை நிரப்பி அவனிடம் நீட்டினாள்.

"காசி, உன் வாசல்ல ஆராயி பொரி வித்துக்கிட்டு இருக்கா பாரு. இதை அவளுக்குக் குடுடா. குடுக்கறதுக்கு முன்னாடி, உன் வீட்டுப் பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து விடு."