பார்த்த முகம்

“கொஞ்சம் ஜன்னல் பக்கமா திரும்புங்க ஆன்ட்டி. போதும், அப்படியே இருங்க.”

“அசையத்தானே கூடாது, பேசலாம்ல?” என்றாள் ஞானம்மா.

“வாயை வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் பேசவும் கூடாது.”

“அப்போ மொதல்ல அந்த வாயை முடிச்சிடு கண்ணு. என்னால ஆவாது.”

சோனியா சிரித்துக்கொண்டே தூரிகையை எண்ணெயில் தொட்டாள். அவள் வேலை செய்யும் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் கேன்டீனைப் பார்த்துக்கொள்பவள் ஞானம்மா. “ஆயில் பெயின்டிங் கத்துக்கினு இருக்கேன் ஆன்ட்டி. அந்தக் காலத்து அரண்மனைப் படம் மாதிரி ஒரு முகம் வரையணும். உக்காருவீங்களா?” என்று சோனியா கேட்டபோது ஞானம்மா கூச்சப்பட்டாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் மீஞ்சூரில் சோனியாவின் வீட்டுக்கு வந்து, பட்டுப்புடவை கசங்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

இருட்டான பின்னணி, முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வெளிச்சம், மெல்லிய பூச்சின்மேல் இன்னொரு பூச்சு. எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்றுதான் சோனியா நினைத்திருந்தாள். நேற்று வகுப்பில் மாஸ்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “யாரும்மா இது, நகைக்கடை விளம்பரமா?” என்று கேட்டுவிட்டார்.

தப்பு அவளுடையதுதான். நெற்றிச் சுருக்கங்களை மழுப்பியிருந்தாள். எப்போதோ அடிபட்டு இறங்கிப்போன இடது இமையை நிமிர்த்தி வைத்திருந்தாள். ஞானம்மாவின் மனம் நோகக் கூடாதே என்ற பயம்.

இன்று அந்தப் பயத்தோடேயே, கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி வரைந்தாள்.

“முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி. வந்து பாருங்க.”

மரத்துப்போன காலை உதறிக்கொண்டு வந்து ஞானம்மா படத்தின் முன்னால் நின்றாள். குனிந்து, இறங்கிப்போன அந்த இமையை உற்றுப் பார்த்தாள்.

“அந்தக் கண்ணு... வேணும்னா சரி பண்ணிடறேன் ஆன்ட்டி.”

“இன்னாத்துக்கு? போன வாரம் பாத்தப்போ யாரோ மகாராணி மாதிரி இருந்துச்சு. இந்தப் பொண்ணு நமக்கு ஐஸ் வைக்கிதுன்னு நெனச்சேன். இப்பத்தான் இது என் மூஞ்சி.”

சோனியா தூரிகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஞானம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். “அடுத்த ஞாயித்துக்கெழம என்னால உக்கார முடியாது. எம் பையன் தாவீதுக்கு நிச்சயம் பேசப் போறோம். பொண்ணு பாத்து முடிச்சிட்டேன்.”

தூரிகை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவும் தோன்றாமல் நின்றாள் சோனியா. காலையில் போனில் அவ்வளவு நேரம் கொஞ்சிய தாவீது, இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

“எப்போ... எப்போ பாத்தீங்க ஆன்ட்டி?”

“வாராவாரம் இந்த நாற்காலியில உக்காந்து இன்னா பண்ணினு இருந்தேன்னு நெனச்ச? நீ மட்டுந்தான் என்னைப் பாத்தியா?” ஞானம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “தாவீது என்னிக்கோ சொல்லிட்டான், நாந்தான் உங்கிட்ட மூச்சு விடாதடான்னேன். ஞாயித்துக்கெழம ஊட்லயே இருக்கச் சொல்லு உங்கப்பாவ.”