சாளை முள்

வாயை அகலத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் அவன் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

அவனுடைய கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பிரிஸ்கா பக்கத்தில் நின்றாள். ஆபீஸிலிருந்து அவள்தான் ஸ்கூட்டரில் அழைத்து வந்தாள். எச்சில் விழுங்கினால் உயிர் போனது. ஆனாலும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்த அந்தப் பத்து நிமிடம், தொண்டையில் முள்ளோடு, அவன் சந்தோஷமாக இருந்தான்.

டாக்டர் பேச்சுக் கொடுத்தார். எத்தனை நாளாக மீன் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

மூன்று விரலைக் காட்டினான்.

மூன்று வருஷமா?

கையை ஆட்டினான், இல்லை.

மூன்று மாதமா?

ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தான்.

அவள் பக்கத்தில் நிற்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இடுக்கி உள்ளே போனது. கண்ணில் நீர் முட்டியது.

பஞ்சின் மேல் ஒரு வெள்ளை முள். அரை நகம் நீளம் இருக்கும்.

"பழக்கமில்லாத ஆளுக்கு இத்தன முள்ளுள்ள சாளை மீனயாம்மா குடுப்பீங்க?" என்றார் டாக்டர் அவளிடம். மனைவி என்று நினைத்துவிட்டார்.

இரண்டு பேருமே அதைத் திருத்தவில்லை.

அவன் பெயர் காந்திமதிநாதன். நில அளவை ஆபீஸில் வரைபடம் வரைகிறவன். முப்பத்தொன்பது வயது. வீட்டில் அம்மா மட்டும். முட்டைகூட அந்த வீட்டு வாசல்படி தாண்டியதில்லை.

அவள் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி சர்வேயராக வந்தவள். வந்த இரண்டாம் வாரம், மதியச் சாப்பாட்டின்போது, நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். நீங்க சைவமா சார்?

அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டு யாரும் உட்கார்ந்ததில்லை.

எல்லாம் சாப்பிடுவேன் என்றான். மீன் என்றால் உயிர் என்றான்.

அடுத்த புதன்கிழமை அவனுக்கென்று தனி டிபன் பாக்ஸ் வந்தது.

முதல் இரண்டு புதனும் விரதம் என்று சமாளித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தூத்துக்குடி போனான். அங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. துறைமுகச் சாலையில் ஒரு மெஸ். முதல் ஞாயிறு வாடை தாங்காமல் எழுந்து வந்துவிட்டான். அடுத்த ஞாயிறு இரண்டு நெத்திலியை மாத்திரை மாதிரி தண்ணீரோடு விழுங்கினான். விழுங்கியதை ஒரு லாரிக்குப் பின்னால் போய்க் கக்கினான். கிராம்பு மென்றுகொண்டே ஊர் திரும்பினான். அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் போகவில்லை.

மூன்றாவது புதன்கிழமை, அவள் கண்முன்னால், ஒரு துண்டு மீன் சாப்பிட்டான்.

அவள் சாப்பிடவில்லை. காலையிலேயே ஆயிற்று என்றாள். மோவாயைக் கையில் ஊன்றி, அவன் வாய்க்குப் போகும் ஒவ்வொரு உருண்டையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி யாரும் அவனைப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு புதனும் பார்த்தாள்.

மனதில் இருப்பதை இன்று அவளிடம் சொல்லிவிடுவது என்று இருந்தான். சொல்ல வாயெடுத்தபோதுதான் முள் மாட்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்தார்கள். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

எதற்காக இப்படிப் பழகினீர்கள் என்று கேட்டாள்.

ஆசையாக இருந்தது என்றான்.

 தான் மீனை விட்டு ஆறு மாதமாகிறது என்றாள்.

மாப்பிள்ளை அவளோடு பாலிடெக்னிக்கில் படித்தவராம். ஊர் கல்லிடைக்குறிச்சி. ஏழு வருஷமாக இரண்டு வீட்டிலும் மல்லுக்கட்டி இப்போதுதான் சம்மதம் வாங்கியிருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். அவர்கள் வீட்டில் சுத்த சைவம். அவருடைய அம்மா அந்த ஒன்றை மட்டும் கேட்டாராம்.

"அவர் கேக்கல சார். அவங்க அம்மா கேட்டதுக்காகத்தான் விட்டேன். ஆனா மீன்காரம்மா வந்தா கை தானா வாங்கிருது. தனியா இருக்கேன், சமைச்சு என்ன செய்ய? ஒருத்தர் சாப்பிடுதத பாத்தாப் போதும்னு இருந்துச்சு."

அன்றைக்கு நீங்கள் சைவமா என்று கேட்டதும் அதற்காகத்தான் என்றாள். அவன் வீட்டுப் புளிக்குழம்பு எப்படி வைப்பார்கள் என்று கேட்டுப் பழகலாம் என்று நினைத்தாளாம்.

அவன் தலையசைத்தான்.

எதிரே ஒரு மினிபஸ் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். பஸ் போனது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.  துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

கஷ்டமாக இருந்ததா என்று அவன்தான் கேட்டான். முள் இருந்த இடத்தில் சொல் உரசியது.

முதல் மாதம் கனவில்கூட வந்தது என்றாள். இப்போது நாக்குக்கு மறந்துகொண்டு வருகிறதாம்.

பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்.

"இன்னைக்குச் சாளை எப்படி இருந்துச்சு சார்? நான் உப்புகூடப் பாக்கல."

அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று மாதமாக எந்த மீனின் ருசியும் அவனுக்குத் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, விழுங்க மட்டுமே பழகியிருந்தான்.



உப்பு சரியாக இருந்தது என்றான். முதலில் புளிப்புதான் வந்தது என்றான். பின்னாலேயே தேங்காய். சதை வெண்ணெய் மாதிரி முள்ளைவிட்டுக் கழன்றது என்றான். மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் யோசித்து யோசித்து, ஒவ்வொன்றாகச் சொன்னான்.

அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

அவன் நிறுத்தினான்.

"இன்னும் சொல்லுங்க சார்" என்றாள்.