வெள்ளிக்கிழமைப் பழுது

"சந்தேகமே வேணாம் துசாந்தினி. அந்தச் சனூன்தான் செய்றான். ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

டொக்கென்று தொலைபேசியை வைத்தார் கொழும்பு மனேஜர்.

மன்னார்க் கிளையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை ஆனால், சிஸ்டத்துக்குள் ஒரு குருவிகூட நுழைய முடியாது. சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் 'அனுமதி இல்லை' என்று சிவப்பில் பல்லிளிக்கும். ஒரு மணித்தியாலம் போனால் தானாகவே திறக்கும்.

அது ஜும்ஆத் தொழுகை நேரம். கிளைக் கந்தோரில் தொழப்போகிறவன் சனூன் ஒருவன்தான். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம். அதற்குமேல் கதிரை காலியாகக் கிடந்தால் சிஸ்டமே அரைநாள் லீவு போட்டுவிடும். சிஸ்டம் படுத்தால் லீவும் இல்லை. கொழும்புக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்தச் சிஸ்டத்தை எழுதினவளே துசாந்தினிதான். காரணத்தைப் பிடித்துக்கொண்டு வா என்று பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

"உப்புக்காத்துப் பிள்ளை!" என்று முழங்கினார் கிளைப் பொறுப்பாளர் பஸ்ரியன். மனுசன் வாய் திறந்தால் மாதா கோயிலில் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும். "வயரெல்லாத்தையும் திண்டுபோட்டுது!"

"காத்தில்லை மிஸ், கழுதை," என்று மூக்கால் இழுத்தாள் பக்கத்து மேசை றோஸ்மேரி. "றோட்டுக் கழுதையள் வந்து வயர்க் கம்பத்தில முதுகு தேய்க்குதுகள்."

"வெள்ளிக்கிழமை மட்டுமோ?"

"அதுகளுக்கு அண்டைக்குத்தான் தோது மிஸ்."

"வெக்கை அக்கா," என்றான் முன் மேசை டிலுக்சன். "மத்தியானத்தில மெசினுக்குத் தலை சுத்தும்."

சனூன் மட்டும் தலை நிமிரவில்லை.

"அல்லாஹ் மேல சத்தியமா நான் ஒண்டும் செய்யல்ல மிஸ். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்தில இருந்து இப்பதான் ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறம். சிலாவத்துறையில வீடு கூரை மட்டத்தில நிக்கிது. இந்த வேலை போனா, திரும்பவும் புத்தளம்தான்."

துசாந்தினி தான் எழுதின புரோகிராமை வரிவரியாகக் கிண்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் காரணம் அகப்பட்டது.

கடவுச்சொல்லை மூன்று தரம் பிழையாக அடித்தால் ஒரு மணித்தியாலம் பூட்டு. பூட்டு விழவேண்டியது பிழை விட்ட ஆளுக்கு. ஆனால் புரோகிராமில், பிழை வந்த இன்டர்நெட் லைனுக்கே பூட்டு விழுந்தது. முழுக் கந்தோருக்கும் இருப்பதோ ஒரே லைன். ஆர் ஆர் விட்டாலும் மூன்று பிழை சேர்ந்தால் எல்லாருக்கும் கதவடைப்பு!

எழுதின புண்ணியவதி அவளேதான். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சரி, வெள்ளிக்கு வெள்ளி பிழை விடுகிறது ஆர்? கடவுச்சொல்லைப் பிழையாக அடிப்பவரின் பெயர் தன் லப்டொப்பில் உடனே தெரிகிற மாதிரி ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, கண் வெட்டாமல் இருந்தாள்.

பன்னிரண்டரை. பள்ளிவாசலில் பாங்கு கேட்டது.

சனூனின் கை மேசையில் சும்மா கிடந்தது.

திரையில் முதல் பெயர் விழுந்தது. பஸ்ரியன்.

அடுத்தது, றோஸ்மேரி.

மூன்றாவது, டிலுக்சன்.

ஆளுக்கொரு பிழை. கந்தோர் பூட்டிக்கொண்டது.

"போச்சுதடா, பழையபடி போச்சுது!" என்று கூரை அதிரக் கத்தினார் பஸ்ரியன். "சும்மா இருந்து என்ர மூஞ்சையைப் பாக்காமல் எல்லாரும் வெளியில போயிட்டு வாங்கோ! சனூன், உனக்குத் தனியாச் சொல்லவேணுமோ? ஓடு!"

சனூன் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான். மற்ற மூவரும் அசையவில்லை. துசாந்தினியின் லப்டொப்பில் என்ன தெரிகிறதென்று அப்போதுதான் கண்டுவிட்டார்கள்.

தொலைபேசி அடித்தது. கொழும்பு.

"என்ன துசாந்தினி, ஆளைப் பிடிச்சீங்களா?"

"ஓம் சேர், பிடிச்சிட்டன். நான்தான்."

"என்னது?"

"பிழை என்ர புரோகிராமில சேர். பின்னேரத்துக்கிடையில திருத்திப்போடுவன், இனித் தானாப் பூட்டாது. ஆனா கிழமைக்கு ஒருக்கா சிஸ்டத்தை ஒரு மணித்தியாலம் மூடிப் பராமரிக்கவேணும்."

"மூடினா வேலை கெடுமே!"

"கெடாது சேர். இஞ்ச இருக்கிற ஆக்களோட கதைச்சு, தோதான நேரமாத்தான் பாத்து வைச்சிருக்கிறன்," என்றாள் துசாந்தினி, மூவரையும் பார்த்துக்கொண்டே. "வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை."