பூசாமல் விட்ட இடம்

குளச்சலில் கோயில் மதில் நிழலில் ஜஸ்டஸின் பழைய மீன் லாரி நிற்கிறது. உப்பும் ஐஸ் தண்ணீரும் தின்ற பாடியை உரசி, துருவை எடுத்தாயிற்று. இப்போது முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, கம்ப்ரசர் இரைய, துரு ஏறாமலிருக்க வாங்கிய கறுப்புப் பூச்சைத் தானே ஸ்பிரே அடிக்கிறான். பூச்சு விழுந்த இடமெல்லாம் தார் ரோடுபோலச் சொரசொரக்கிறது. கண்ணாடியிலும் விளக்குகளிலும் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. பின்கதவின் நடுவிலும் ஒரு துண்டுத் தாள். அதன் அடியில் மஞ்சள் எழுத்தில் தம்பி லிஜினின் பெயர். வண்டி இருவருக்கும் பொதுவாக இருந்தபோது எழுதியது; பங்கு பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. சாயாவோடு வந்த ஜஸ்டஸின் மனைவி இசபெல் அந்தத் தாளையே பார்க்கிறாள். ஜஸ்டஸ் கம்ப்ரசரை நிறுத்துகிறான்.

“இஞ்சேருங்க, அவன் பேர எதுக்கு மூடி வச்சிருக்கிய? அதுக்க மேலயும் அடிச்சா அதுவும் மறைஞ்சிரும்லா.”

“அது கிடக்கட்டு.”

“ஐஸ் தண்ணி அதுவழிதான் வடியும். மொதல்ல அங்கதான் துருப்பிடிக்கும்.”

“பிடிச்சா உரசிட்டு, திரும்ப எழுதிக்கிடலாம்,” என்று சொல்லிவிட்டு, காற்றில் லேசாகத் தூக்கிய தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறான்.