விதை எண்

ஆயிரம் கணினிகளும் ஒரே விடையைத் தந்திருந்தன.

ஹெப்ரான் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாளையங்கோட்டை வீட்டின் முன்னறை. வெளியே சமாதானபுரம் போகும் டவுன் பஸ் ஒன்று நின்று கிளம்பியது.

நடக்காத மோதல்களைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதுதான் அவன் வேலை. ஐரோப்பாவில், பூமிக்கடியில், துகள்களை மோதவிடுகிறார்கள். அங்கே உண்மையில் நடப்பதோடு ஒப்பிட, கற்பனையாகவும் கோடிக்கணக்கான மோதல்கள் வேண்டும். அவற்றை உருவாக்கித் தருபவன் இவன்.

மும்பையில் இருக்கும் ஆயிரம் கணினிகளில் அந்த வேலை ஓடும். ஒவ்வொரு கணினிக்கும் தொடக்கத்தில் ஓர் எண் கொடுக்க வேண்டும். விதை எண் என்பார்கள். அதிலிருந்துதான் உள்ளே பகடை உருளத் தொடங்கும். வேறு எண் என்றால் வேறு மோதல்கள். அதே எண் என்றால் அதே மோதல்கள், ஒரு துகள்கூடப் பிசகாமல்.

சோதித்துப் பார்க்கும்போது கைக்கு வந்த எண்ணைப் போட்டுக்கொள்வார்கள். சிலர் பைக் நம்பரைப் போடுவார்கள். சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு எண் போகும்.

ஹெப்ரான் எடுக்கவில்லை.

வாரக்கணக்கில் ஓடிய எல்லாக் கணினிகளும் ஒரே மோதல்களைத் திரும்பத் திரும்ப நடத்தியிருந்தன.

கண்டுபிடித்தவள் ரீபா. அவன் குழுவின் ஆராய்ச்சி மாணவி. இதே ஊர்க்காரி, இப்போது மும்பையில் இருக்கிறாள். அவளுடைய ஆய்வேடு இந்த மோதல்களை நம்பித்தான் நின்றது. போனில் கோபப்படுவாள் என்று நினைத்தான். சிரித்தாள்.

“ஒரே போட்டோவ ஆயிரம் பிரிண்ட் போட்டு, இந்தா கல்யாண ஆல்பம்னு குடுத்திருக்கீங்களே அண்ணே.”

பிறகு குரல் இறங்கியது. இன்று மாலைக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் கணினிகளை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றாள். அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

மறந்துவிட்டேன் என்று சொல்லி வைத்தான்.

மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நிரலில் அந்த எண் இருக்கும் வரிவரை வருவான். அதைத் தொடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவான்.

இப்போதும் கர்சர் அந்த எண்ணின் கடைசி இலக்கத்துக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி ஸ்வீட்லின் டீ கொண்டுவந்தாள். கோடை விடுமுறை முடிந்தும் அவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனும் அவளை விட்டு மும்பைக்குத் திரும்பவில்லை. தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசினார்கள், மீன் விலை பற்றிப் பேசினார்கள். ஒன்றைப் பற்றி மட்டும் பேசவில்லை.

டம்ளரை நீட்டிய கை அப்படியே நின்றது.

திரையில் இருந்த மற்ற எதுவும் அவளுக்குப் புரியாது. அந்த எட்டு இலக்கங்கள் புரிந்தன. நாள், மாதம், வருடம்.

அவர்கள் மகள் பிறந்த தேதி. அடக்கம் செய்ததும் அன்றுதான். அழாமலே வந்து, அழாமலே போனவள். பெயர் எழுதி வைத்திருந்தார்கள், கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் கல் நடவில்லை.

இது எதற்கு என்று கேட்டாள்.

அவளைப் பார்க்காமல் விளக்கினான். பகடையைச் சொன்னான், மோதல்களைச் சொன்னான், ரீபாவின் ஆய்வேட்டைச் சொன்னான். அழிக்க முடியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள்.

“இந்த நம்பரப் போட்டா, எத்தன தடவ ஓட்டுனாலும் அதேதான் நடக்குமா?”

ஆமாம் என்றான்.

கொஞ்சம்கூட மாறாதா என்றாள்.

மாறாது என்றான்.

ஸ்வீட்லின் டம்ளரை மேசையில் வைத்தாள். அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அப்ப வேண்டாங்க. ஒருக்க நடந்தது போதும்.”

எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன்தான் காட்டினான்.