அடிக்கல்

அவள் அந்தக் கல்லை மறுபடியும் படித்தாள்.

காவல் நிலையத்தின் பின்பக்கம், கழிவறைச் சுவரில் பதித்த கறுப்புக் கல். நம் ஊரில் கக்கூஸ் கட்டினாலும் அடிக்கல் நாட்டு விழா உண்டு. நாட்டியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர், எல்லாம் மஞ்சள் எழுத்தில்.

கீழே தேதி. மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூன் மாதம்.

அவள் கணவன் செல்வினை விசாரணை என்று இங்கே கூட்டி வந்தது அதே வருடம், பிப்ரவரியில். வயரிங் வேலைக்குக் கிளம்பியவன் உடைந்த கையோடு வீடு வந்தான். லத்தி பட்ட மணிக்கட்டு இன்றுவரை ஒரு ஸ்க்ரூவைத் திருப்பாது.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். போலீஸ் ஒரே வரியில் பதில் சொன்னது. நிலையத்தின் புதிய கழிவறையில், டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தார்.

போன வாரம் வழக்கு தள்ளுபடி.

கோர்ட்டும் சேர்ந்து வழுக்கி விழுந்துவிட்டது.

அப்பீல் போகலாம், ஆனால் புதிதாக ஏதாவது கையில் வேண்டும் என்றார் வக்கீல். செல்வின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

இத்தனை காலமும் அவளை கேட்டுக்கு உள்ளே விட்டதில்லை. ஜெயித்த பெருந்தன்மையில் இன்று அவர்களே கூப்பிட்டு, அன்று பிடித்துவைத்த செல்வினின் வண்டியை எடுத்துப் போகச் சொன்னார்கள்.

வண்டி கழிவறையை ஒட்டி நின்றது. டயர் இரண்டிலும் காற்று இல்லை.

சாவி கொண்டுவந்த ஏட்டு போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். அவள் போனை நீட்டினாள்.

“ஏட்டையா, ஒரு போட்டோ எடுத்துத் தாங்க.”

“கக்கூஸ் முன்னாடியாம்மா?”

“வண்டி திரும்பக் கிடைச்சிருக்குல்ல.”

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டு எட்டு பின்னால் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனைத் தூக்கினார்.

“கல்லை மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றாள்.

“சிரிங்கம்மா.”

அதை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடத்துச் சிரிப்பு, பல் தெரியச் சிரித்தாள்.

படம் நன்றாக வந்திருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். தேதி பளிச்சென்று தெரிந்தது.

“உங்க முழுப் பேரு என்ன ஏட்டையா?”

இனிஷியலோடு சொன்னார். சொன்ன பிறகுதான் கேட்டார், எதுக்கும்மா என்று.

“போட்டோ எடுத்தது யாருன்னு ஹைகோர்ட்ல கேப்பாங்க.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

ஏட்டையா திரும்பி நின்று, முதல் தடவையாக, அந்தக் கல்லைப் படிக்க ஆரம்பித்தார்.