மூஸ் வேட்டைக்கு நூறு கிலோ

“கௌரவத்துக்கு வெல ஒம்பது லட்சம், மாப்ள. கட்டியாச்சு. போகலன்னா பத்து பைசா திரும்பாது” என்றார் ராமசுப்பிரமணியன் மச்சினன் காளிதாஸிடம், வேட்டியை அவிழ்த்து மடித்து வைத்தபடி.

பரமக்குடியில் அவருடைய மிளகாய் வத்தல் மண்டி அது. அரைக்கால் சட்டையோடு தராசுப் பக்கம் நின்ற முதலாளியைப் பார்க்க, சுமை தூக்குகிறவர்களும் வத்தல் விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரிகளும் வேலையை விட்டுவிட்டுக் கூடியிருந்தார்கள்.

எதிர் மண்டி நாகேந்திரன், துபாயில் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்த போட்டோவைக் கடையில் மாட்டியதிலிருந்து ராமசுப்பிரமணியனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கனடாவில் இருக்கும் மகன் மாரிச்செல்வம்தான் மருந்து சொன்னான். மூஸ் வேட்டை. மூஸ் என்பது குதிரையைவிட உயரமான காட்டு மான். அது திரியும் காட்டுக்கு ரோடு கிடையாது. ஏரித் தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானத்தில்தான் போக வேண்டும். கொம்பை மாட்டுவதற்கு மண்டிச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று. மூஸுக்கு மட்டும்தான் இன்னும் தகவல் போகவில்லை.

விமானக்காரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தான். ஆளும் பையும் சேர்ந்து நூறு கிலோ. கூடினால் கரையிலேயே இறக்கிவிடுவான். குளிர்சட்டை, பூட்ஸ், படுக்கை எல்லாம் கட்டாயம் என்பதால் பையில் குறைக்க வழியில்லை. குறைய வேண்டியவர் முதலாளிதான். மூன்று மாதமாகக் கொள்ளுக் கஞ்சி குடித்தார். மீசையை எடுத்தார். அதில் எத்தனை கிராம் மிச்சம் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

“கூத்தையா, ஒன் மூட்டைய எறக்கு. நான் ஏறணும்.”

கடலாடிப் பக்கத்துச் சம்சாரி கூத்தையா, விலை ஏறட்டும் என்று வைத்திருந்த வத்தலை நாலு மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார். இறக்கிக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

“வீட்ல முப்பது முப்பதா நிறுத்துக் கட்டுனேன் மொதலாளி. இங்கன ஒவ்வொண்ணும் இருவத்தேழுதான் காட்டுது.”

“கடலாடியிலருந்து வெயில்லதான வந்த? வழியில காஞ்சிருக்கும். வத்தல் காயாம, குளுந்து போயா வரும்?”

கூட்டம் சிரித்தது. கூத்தையாவும் சிரித்து வைத்தார். விற்க வந்தவர் வேறென்ன செய்வார்?

காளிதாஸ் நெளிந்தான். மண்டிக்குக் கணக்கப்பிள்ளையும் அவன்தான்.

“அத்தான், எதுக்கும் மருந்துக்கட மிஷின்ல ஒருக்கா ஏறிப் பாத்துட்டு...”

“ஏன், என் தராசுக்கு என்ன?”

“அதில்லத்தான். கொஞ்சம் உள்ள வாங்க, ஒரு விசயம்...”

“விசயத்த இங்கனயே சொல்லு. இத்தன பேரு மூட்டைய நம்பி ஏத்துற தராசு. நான் மட்டும் மருந்துக்கடைக்குப் போனா, ஊரு என்ன பேசும்? என் தராசு பொய் சொல்லாது, மாப்ள.”

காளிதாஸ் கூட்டத்தைப் பார்த்தான். கணக்கு நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

முதலாளி பையை மாட்டிக்கொண்டு தராசில் ஏறி மூச்சை அடக்கினார். மூச்சுக்கும் எடை உண்டு என்று அவருக்கு ஒரு எண்ணம். எண்கள் தடுமாறி நின்றன.

சரியாக நூறு.

அவர் மனைவி சோணையம்மாள் ஒரு பொட்டலத்தோடு ஓடி வந்தாள். “அந்த மான உப்பு ஒரைப்பு இல்லாமயா திம்பீக? மசாலாப் பொடி, கால் கிலோதான்.”

“கால் கிலோவுல என்னக் கரையில ஒக்கார வச்சிராத தாயே.”

பொட்டலம் வீட்டுக்குத் திரும்பியது. முதலாளி கனடா போனார்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். விற்ற வத்தலுக்குப் பணம் வாங்க வந்த கூத்தையா, சுவரில் சும்மா இருந்த ஆணியில் துண்டை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். காளிதாஸின் போன் அடித்தது. வீடியோவில் முதலாளி. பின்னால் பெரிய ஏரி. ஏரிக்கு மேலே ஒரு குட்டி விமானம் போய்க்கொண்டிருந்தது.

“அந்தா போகுது பாரு மாப்ள, என் ஒம்பது லட்சம்.”

“நீங்க ஏறலயா அத்தான்?”

“களவாணிப் பயலுக. இவிங்க தராசு நூத்திப் பதினொண்ணு காட்டுது. பதினோரு கிலோ கூடயாம். எறக்கி விட்டுட்டாய்ங்க. நம்ம தராசுல நூறுதான காட்டுச்சு? சொல்லு, நூறுதான?”

காளிதாஸ் சுவர்ப் பக்கம் திரும்பி, குரலைத் தணித்தான்.

“அத்தான், அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கொறச்சுக் காட்டுற மாதிரி நம்ம தராச மாத்தி வைக்கச் சொன்னதே நீங்கதான. பொய் சொல்லாது, பொய் சொல்லாதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லி நீங்களே நம்பிட்டீங்க.”

போனில் முதலாளி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார்.

காளிதாஸ் திரும்பினால், தோளுக்குப் பின்னால் கூத்தையா. போனுக்குள் எட்டிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“குளுந்த ஊருல்ல மொதலாளி. வழியில ஈரம் ஏறியிருக்கும்.”

கூத்தையாவுக்கு நாலு மூட்டையில் போனது பன்னிரண்டு கிலோ. முதலாளி ஏரிக்கரையில் திருப்பிக் கட்டியது பதினொன்று. பாக்கி ஒரு கிலோ.